கொக்கு கழுத்தைச் சாய்க்கும் நேரம்

என் சலூன்ல டிவி ஓடுதுன்னா அதுல சைக்கிள் பந்தயம்தான் ஓடும். பாட்டு வேணும், சீரியல் வேணும்னு கேக்கறவங்க வேற எங்கயாவது போய் முடி வெட்டிக்கலாம். வருஷத்துல மூணே வாரம்தான் இந்தப் பெரிய பந்தயம். தினம் ஒரு ஊர்ல கிளம்பி இன்னொரு ஊர்ல முடிப்பாங்க. எல்லா நாளோட நேரத்தையும் கூட்டிப் பார்த்து, யாருக்குக் குறைச்சலோ அவன்தான் ஜெயிச்சவன். அந்த மூணு வாரமும் மத்தியானத்துல என் கடையில ஒரு நாற்காலியில முடி வெட்டு நடக்கும், மீதி இடம் பூரா சண்டை நடக்கும்.

சண்டைக்கு நிரந்தர ஆளுங்க மூணு பேர். முதல் ஆள் நான். ரெண்டாவது எங்க வீட்டுக்காரர். எலெக்ட்ரீஷியன். மத்தியானம் சாப்பிட வந்தேன்னு வருவார், அப்படியே சுவத்துல இருக்கற ஸ்விட்ச் போர்டைக் கழட்டிப் பார்க்கறேன்னு சாக்கு சொல்லி, பந்தயம் முடியற வரைக்கும் நகர மாட்டார். நல்லா இருக்கற போர்டு அது, பாவம். மூணாவது ஆள் பஸ் அண்ணன். காலை ஷிஃப்ட் முடிஞ்சதும் யூனிஃபார்மோட வந்து உக்காருவார். வாழ்க்கை பூரா மலைப் பாதையில பஸ் ஓட்டினவர், அதனால ஏத்தம் இறக்கம் பத்தி அவர் இருக்கறப்போ வேற யாரும் வாயைத் திறக்கக் கூடாதுங்கறது அவரோட எண்ணம். நான் திறப்பேன்.

நாங்க சும்மா வெட்டிப் பேச்சு பேசறவங்க இல்லை. கண்ணாடிக்குக் கீழே இருக்கற நீளப் பலகைதான் எங்களுக்கு ரோடு. முடியைப் பிரிச்சு மாட்டற கிளிப்புங்கதான் ஓட்டறவங்க. சிவப்பு கிளிப் இளவரசர். நாள் முழுக்க மழையில ஓட்டினாலும் இப்பத்தான் இஸ்திரி போட்டு எடுத்த மாதிரி வந்து இறங்குவார், அதனால நாங்க வெச்ச பேர். கறுப்பு கிளிப் கொக்கு, இளவரசருக்கு எதிர் டீம்ல இருக்கற போட்டிக்காரன். நெட்டைக் கால், குச்சி உடம்பு, நாள் பூரா அசையாம கூட்டத்துக்குள்ள உக்காந்திருந்துட்டு கடைசி ஏத்தத்துல ஒரே கொத்தா கொத்திட்டுப் போயிடுவான். பச்சை கிளிப் என் தம்பி.

ஆமாம், என் கூடப் பிறந்த தம்பிதான். இளவரசரோட டீம்ல காத்தைத் தடுக்கற வேலை அவனுக்கு. முன்னாடி ஒருத்தன் காத்தை வாங்கிக்கிட்டு ஓட்டினா, பின்னாடி வர்றவனுக்குப் பாதி பலம் மிச்சம். அப்படி மிச்சம் பிடிச்சுக் கொடுக்கறதுதான் அவன் பொழைப்பு. கடைசி ஏத்தம் ஆரம்பிக்கற இடம் வரைக்கும் இழுத்துட்டு வந்து விடுவான். அதோட காலும் முடிஞ்சுடும், வேலையும் முடிஞ்சுடும். அப்புறம் எல்லாருக்கும் பின்னாடி தட்டுத் தடுமாறி வந்து சேருவான். கேமரா அவனைத் தேடாது. பதினோரு வருஷமா இதே கதைதான்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. முன்னாடியே இழுத்துக்கிட்டுப் போறவனுக்கு முன்னால ரோடு மட்டும்தான், பின்னால மூச்சு வாங்கற சத்தம் மட்டும்தான். யார் பாய்ஞ்சான், யார் துவண்டான்னு ஒண்ணும் தெரியாது. தான் ஓட்டின பந்தயத்தோட கடைசியை அவன் ஒரு நாள்கூடக் கண்ணால பார்த்ததில்லை. அதனால தினம் சாயங்காலம், கால் பிடிச்சு விடற மேசையில குப்புறப் படுத்துக்கிட்டு எனக்குப் போன் பண்ணுவான். "அக்கா, சொல்லு" அப்படிம்பான். நான் சொல்லுவேன். யாரோட முகம் எப்படி இருந்துச்சு, யார் எந்த வளைவுல எழுந்தான், கடைசி நூறு மீட்டர்ல என்ன நடந்துச்சு, எல்லாம். டீம்ல வீடியோ போட்டுக் காட்டுவாங்கதான். அதுல அக்கா குரல் வராதேம்பான்.

இந்த வருஷம் முதல் வாரத்துலயே அவன் ஒரு விஷயம் சொன்னான். ஒப்பந்தம் வருஷக் கடைசியோட முடியுது, டீம் வாயே திறக்கலை, வேற டீமும் கூப்பிடலை. முன்னாடி காத்து வாங்கறவன் பேர் எந்தப் பட்டியல்லயும் வராது, அப்புறம் யார் கூப்பிடுவாங்க. அதனால அவனே டீம் டைரக்டர்கிட்ட போய், எனக்குன்னு ஒரே ஒரு நாள் கொடுங்கன்னு கேட்டிருக்கான். அவர் சரின்னுட்டார். கடைசி மலை நாள் அன்னிக்கு, இளவரசருக்கு ஆபத்து இல்லைன்னு தெரிஞ்சா, நீ உன் இஷ்டத்துக்கு ஓட்டலாம். அந்த நாளை ஜெயிச்சா அடுத்த வருஷம் சோறு உண்டு, இல்லைன்னா சைக்கிளை மாட்டி வெச்சுட வேண்டியதுதான். வீட்ல யார்கிட்டயும் சொல்லாதேன்னான். நான் வாயை மூடிக்கிட்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம்னு என்னைத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.

கடைசி மலைக்கு முந்தின நாள் வந்துச்சு. மொத்த நேரக் கணக்குல இளவரசர் முதல் இடத்துல, கொக்கு நாப்பது செகண்ட் பின்னாடி. அன்னிக்கு ஏத்தத்துல கொக்கு தோளை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கிட்டு, வாயைப் பிளந்துக்கிட்டு, கூட்டத்தோட வாலைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு வந்தான். எப்படியோ இளவரசர் கூடவே வந்து சேர்ந்துட்டான். வீட்டுக்காரர் கறுப்பு கிளிப்பைப் பலகையில படுக்க வெச்சார். முடிஞ்சான், மூட்டை கட்டிட்டான்னார். பஸ் அண்ணனும் தலையாட்டினார். என்ஜின் சூடாகிப் போச்சும்மா, இனிமே தண்ணி ஊத்தினாலும் ஏறாதுன்னார்.

நான் ஒத்துக்கலை. நாள் பூரா நான் பார்க்கறது ஜனங்களோட பிடரியைத்தான். என்கிட்ட பேச்சுக் கொடுக்க இஷ்டமில்லாம தூங்கற மாதிரி நடிக்கறவங்க எத்தனை பேர் தலையை நான் வெட்டியிருக்கேன். நிஜமாத் தூங்கறவனுக்குக் கழுத்து விழும். நடிக்கறவனுக்குக் கழுத்து நிக்கும். கொக்கு தோள் ஆடுச்சு, வாய் பிளந்துச்சு, கழுத்து மட்டும் கம்பி மாதிரி நின்னுச்சு. அதைச் சொன்னா வீட்டுக்காரர் சிரிச்சார். இனிமே டாக்டருங்க எல்லாம் உன்கிட்டத்தான் வந்து படிக்கணும்னார். கறுப்பு கிளிப்பை நான் எடுத்து நிக்க வெச்சேன், அவர் படுக்க வெச்சார், நான் மறுபடி நிக்க வெச்சேன். நாற்காலியில இருந்தவர் ஒரு பக்கக் கிருதாவோட அரை மணி நேரம் காத்திருந்தார்.

சாயங்காலம் போன் வந்துச்சு. நான் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே தம்பி கேட்டான்.

"அக்கா, கொக்கு எப்படி இருந்தான்? முடிஞ்சுட்டான்னு எல்லாரும் சொல்றாங்க. டைரக்டர் என்னைக் கேக்கறார், நான் உன்னைக் கேட்டுச் சொல்றேன்னேன். அவன் முடிஞ்சிருந்தா நாளைக்கு என் நாள்."

ஆமாண்டா, முடிஞ்சுட்டான்னு ஒரு வார்த்தை. அதுதான் வேணும் அவனுக்கு. ஊரே அதைத்தான் சொல்லுது, நானும் சொன்னா யார் என்னைக் குத்தம் சொல்லப் போறாங்க. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா பதினோரு வருஷமா அவனுக்கு நான்தான் கண்ணு. அந்தக் கண்ணுல நானே மண்ணை அள்ளிப் போட முடியலை.

"நடிக்கறான்டா" அப்படின்னேன். "தோள்தான் ஆடுச்சு, கழுத்து ஆடலை. நாளைக்குப் பாய்வான். இன்னொண்ணும் கேட்டுக்கோ. பாயறதுக்கு முன்னாடி கழுத்தை ஒரு தடவை இடது பக்கம் சாய்ப்பான். எப்பவும் அப்படித்தான்."

அவன் சரிக்கான்னு மட்டும் சொல்லிப் போனை வெச்சுட்டான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒண்ணா வந்துச்சு. அவன் மேல இல்லை, கொக்கு மேலயும் இல்லை. என் வாய் மேலதான்.

மறுநாள் காலையில கடையைத் திறக்கறப்போ வீட்டுக்காரர்கிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டேன். கிண்டல் பண்ணுவார்னு நினைச்சேன், பண்ணலை. ஷட்டரைப் பாதியில பிடிச்சுக்கிட்டு நின்னார். நீ பொய் சொல்லியிருந்தா இன்னிக்கு சாயங்காலம் அவன் போன் வர்றப்போ உன்னால எடுக்க முடிஞ்சிருக்காதுன்னு மட்டும் சொன்னார். கல்யாணம் ஆன நாளா அந்த மனுஷன் சொன்னதுல நான் எதிர்த்துப் பேசாதது அது ஒண்ணுதான்.

மத்தியானம் பந்தயம் ஆரம்பிச்சதும், டிவியில விவரிச்சுப் பேசறவர் சொன்னதுல டைரக்டர் போட்ட கணக்கு என்னன்னு தெரிஞ்சுபோச்சு. தம்பிக்குச் சுதந்திரம் கிடையாது. ஆரம்பத்துலயே எட்டு பேரோட முன்னாடி ஓடிப் போகச் சொல்லியிருக்கார். கடைசி ஏத்தத்துல கொக்கு பாய்ஞ்சு இளவரசர் தனியா மாட்டிக்கிட்டா, முன்னாடி இருக்கற தம்பி நின்னு காத்திருந்து அவரை ஏத்திவிடணும். வீட்டுக்காரர் பச்சை கிளிப்பைக் கொண்டுபோய்ப் பலகையோட முன்னாடி வெச்சு, அற்புதமான திட்டம்னார். பஸ் அண்ணன் மண்ணாங்கட்டின்னார். அந்தக் கடைசி ஏத்தம் செங்குத்து, அங்க எல்லாரும் நடக்கற வேகத்துலதான் போவாங்க, வேகம் இல்லாத இடத்துல காத்து ஏது, காத்து இல்லாத இடத்துல தடுக்கறவன் எதுக்கு. இளவரசருக்குக் காத்திருக்கறது வீண், கொக்கு வந்தா அவன் சக்கரத்துல ஒட்டிக்கணும், தலைவன் பின்னாடி இருக்கறப்போ நீ முன்னாடி வந்து இழுக்கணும்னு எவனும் கேக்க முடியாது. ஒட்டிக்கிட்டே போய்க் கடைசியில தாண்டணும். முதல்ல வர்றவனுக்கு மொத்த நேரத்துல பத்து செகண்ட் கழிப்பாங்க, ரெண்டாவது ஆளுக்கு ஆறு, மூணாவது ஆளுக்கு வெறும் கைதட்டல்தான். அந்தப் பத்தைக் கொக்கு வாயில இருந்து பிடுங்கணும்னார்.

ரெண்டு பேரும் கத்திக்கிட்டிருக்க, நாற்காலியில கணக்கு டீச்சர் உக்காந்திருந்தாங்க. மாசா மாசம் தலைக்குக் கலர் போட வர்றவங்க. பந்தயம் பத்தி ஒண்ணும் தெரியாது, ஒரு தடவைகூட எதுவும் கேட்டதும் இல்லை. நான் மருந்தைக் கலக்கி அவங்க தலையில பூசிக்கிட்டே, பஸ் அண்ணன் சொல்றது சரிதான், ஆனா அதைச் செய்யறதுக்கு என் தம்பிகிட்ட கால் இருக்கணுமேன்னேன்.

அந்த நேரம் பார்த்து மலை மேல புயல் அடிச்சு, படம் பிடிக்கற ஹெலிகாப்டர் எல்லாம் இறங்கிடுச்சு. டிவியில படம் போச்சு. முடிக்கற கோட்டுல நட்டு வெச்ச ஒரே ஒரு கேமரா மட்டும் வேலை செய்யுது. அதுல வெறும் ரோடும், பனிமூட்டமும், குடை பிடிச்ச நாலு பேரும். பேசறவர் எப்பவாவது ஒரு வரி சொல்லுவார். கொக்கு பாய்ஞ்சுட்டான். பார்த்தீங்களான்னு வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்க்க மறக்கலை. இளவரசர் பின்தங்கறார். கொஞ்ச நேரம் கழிச்சு, முன்னாடி போனவங்க எல்லாரையும் கொக்கு பிடிச்சுட்டான்.

வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டு, பச்சை கிளிப்பைப் பலகையில இருந்து எடுத்து என் கைப்பக்கம் வெச்சுட்டார். பிடிச்சாச்சுன்னா விட்டுட்டுப் போயிடுவான், அவ்வளவுதான்னார். பஸ் அண்ணனும் எதிர்க்கலை. டீச்சர் தலையில ஒரு பக்கம் முடி சரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. நான் கையில கிடைச்ச கிளிப்பை எடுத்து மாட்டிட்டேன். அது பச்சை கிளிப். இவ்வளவு நேரம் தொண்டை கிழியப் பேசின மூணு பேர்ல ஒருத்தருக்காவது, பிடிபட்டவங்கள்ல யாராவது ஒட்டிக்கிட்டு இருக்கலாமேன்னு தோணலை. கடைசி ஏத்தத்துல தம்பி இருக்க மாட்டான். பதினோரு வருஷமா இல்லை, அதனால இன்னிக்கும் இல்லை. கூடப் பிறந்த நானே அப்படி நினைச்சேன்.

அப்புறம் பலகையில ரெண்டே கிளிப்தான். கறுப்பு முன்னாடி, சிவப்பு பின்னாடி. எவ்வளவு தூரம்னு தெரியாம ஆளுக்கொரு பக்கம் நகர்த்திக்கிட்டிருந்தோம். படமே தெரியாத பந்தயத்துக்கு நாங்க போட்ட சண்டை இருக்கே, படம் தெரிஞ்சப்போகூட அப்படிப் போட்டதில்லை.

பனிக்குள்ள இருந்து ஒரு உருவம் வந்துச்சு. நெட்டைக் கால். கொக்குதான். பஸ் அண்ணன் தொப்பியைக் கழட்டி மடியில வெச்சார். வீட்டுக்காரர் ஸ்விட்ச் போர்டு பக்கம் திரும்பிக்கிட்டார். இளவரசரும் போனார், தம்பியோட நாளும் போச்சு, எல்லாம் என் வாயால போச்சுன்னு நான் பிரஷ்ஷைக் கிண்ணத்துல போட்டேன்.

"அவர் பின்னாடி யாரோ ஒட்டிக்கிட்டு வர்றாங்களே" அப்படின்னாங்க டீச்சர், கண்ணாடியில டிவியைப் பார்த்துக்கிட்டே.

திரும்பிப் பார்த்தேன். ஆமாம். கொக்கோட சக்கரத்துக்கும் இவன் சக்கரத்துக்கும் நடுவுல ஒரு சீப்புதான் நுழையும். முகம் பூரா சேறு. ஆனா அந்தக் குனிஞ்ச முதுகை அவன் பிறந்ததுல இருந்து நான் பார்க்கறேன், எனக்கு முகம் எதுக்கு. என்னங்க, என்னங்கன்னு வீட்டுக்காரர் சட்டையைப் பிடிச்சு இழுக்கறேன், வேற வார்த்தை வரலை.

கோட்டுக்கு ஒரு கல் எறியற தூரம். கொக்கோட கழுத்து இடது பக்கம் சாயுது. அது முழுசாச் சாயறதுக்குள்ள என் தம்பி வெளியே வந்துட்டான். கொக்கு எழுந்து மிதிக்கறப்போ இவன் ஏற்கெனவே பக்கத்துல இருந்தான். அடுத்த மூச்சுல முன்னாடி இருந்தான். கோட்டைத் தாண்டினப்போ கையைக்கூடத் தூக்கலை. அவனுக்கு அதெல்லாம் பழக்கம் இல்லையே.

நான் அழுதேன். கடையில இருந்த எல்லாரும் பார்க்க, மருந்து அப்பின கையுறையோட, நல்லா அழுதேன். பஸ் அண்ணன் டிவிக்கு ஒரு சல்யூட் வெச்சார். வீட்டுக்காரர்தான் முதல்ல சுதாரிச்சு, டிவியில ஓடற கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். இளவரசர் இன்னும் வரலை. செகண்ட் ஓடிக்கிட்டே இருக்கு. கடைசியில பனியைக் கிழிச்சுக்கிட்டு அவர் வந்து சேர்ந்தப்போ முப்பத்துமூணு. அடுத்த நாள் சமதளம், அதுல ஒண்ணும் மாறாது. ஜெயிச்சது யாருன்னு இங்கயே முடிவாகணும்.

வீட்டுக்காரர் தலையில கையை வெச்சார். முப்பத்துமூணோட பத்தைக் கூட்டினா நாப்பத்துமூணு, போச்சு, இளவரசர் தோத்துட்டார்னார். பஸ் அண்ணன் விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சு, பாதியில விட்டுட்டார். பதினோரு வருஷமா முதல் பரிசு பெரிய ஆளுங்களுக்குத்தான் போகும்னு பழகின மூளை எங்களோடது.

"பத்து உங்க தம்பிக்கில்ல போச்சு" அப்படின்னாங்க டீச்சர். "கொக்குக்கு ஆறுதானே. முப்பத்தொன்பது. உங்க இளவரசருக்கு இன்னும் ஒரு செகண்ட் மிச்சம் இருக்கு."

ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்து எங்க சண்டை முழுக்கக் கேட்டிருக்காங்க, பாருங்க. நான் அவங்க தலையில இருந்த பச்சை கிளிப்பைக் கழட்டிப் பலகையோட முன்னாடி கொண்டுபோய் வெச்சேன். அப்பத்தான் மருந்து ஞாபகம் வந்துச்சு. அலசிப் பார்த்தா தலை கத்தரிக்காய் நிறத்துல இருக்கு. டீச்சர் கண்ணாடியில ரெண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துட்டு, பசங்க இனிமே போர்டைப் பார்க்க மாட்டாங்கன்னு சொல்லிச் சிரிச்சாங்க.

அன்னிக்கு போன் வர நேரம் ஆச்சு. மேடை, பேட்டி, கை குலுக்கல், எல்லாம் அவனுக்குப் புதுசு. நான் கடையைக் கூட்டி முடிச்சு, என்ன சொல்லணும்னு மனசுக்குள்ள வரிசை கட்டி வெச்சிருந்தேன். பனி, குடை, கழுத்து, ஒரு செகண்ட். போனை எடுத்ததும் அவன் எப்பவும் சொல்ற வார்த்தைக்குக்கூடக் காத்திருக்கலை. கேளுடா, கொக்கு வளைவுல இருந்து வெளியே வர்றான்னு ஆரம்பிச்சுட்டேன்.

"இரு அக்கா" அப்படின்னான். "அடுத்த வருஷத்துக்குக் கையெழுத்து வாங்கிட்டாங்க, அது அப்புறம். இன்னிக்கு நீ கேளு, நான் சொல்றேன். கடைசி வரைக்கும் நான் அங்கதான் இருந்தேன்."

நான் டீச்சர் உக்காந்திருந்த நாற்காலியில உக்காந்தேன். அவன் சொன்னான். முதல் வளைவுல இருந்து ஆரம்பிச்சு, ஒண்ணு விடாம சொன்னான். நான் நடுவுல வாயே திறக்கலை.